முப்பது ஆம்பியர்

ஆட்டோவின் பின்சீட்டில்
பயணிகளைப்போல் ஒட்டி உட்கார்ந்து வந்தன நாலும்.
ஒவ்வொன்றும் நூற்றைம்பது ஆம்பியர்,
ஐம்பது கிலோவுக்குக் குறையாது.
இறக்கி வைத்த ஷிஜின் இடுப்பைப் பிடித்தபடி
"அக்கா, ஆரோக்கிய தீபம் போட்டு. பாட்டு பேட்டரி" என்றான்.

தெரியும் எனக்கு.
நெயில்பாலிஷால் அவற்றின் முதுகில்
ஒன்று முதல் நாலு வரை எழுதியவள் நான்தான்.

மூன்று வருஷம் முன்புவரை
எஞ்சினும் பாட்டும் ஒரே பேட்டரியில் கூட்டுக்குடித்தனம்.
கொச்சிக்கு மேற்கே ஒரு ராத்திரி
விடியவிடியக் குடித்துத் தீர்த்துவிட்டது பாட்டு.
காலையில் சாவியைத் திருகினால் டிக்.
இன்னொரு தரம், டிக்.
அதற்குமேல் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.
வல்லவிளைக்காரன் வந்து கயிறு எறிகிறவரை
பதினாலு பேரும் மிதந்தார்களாம்.
அன்றோடு சூசைநாயகம் ஸ்ராங்கு
பாட்டைத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்.
எஞ்சினிலிருந்து ஒரு நூல் வயர் அந்தப் பக்கம் போகக்கூடாது.

பிறகு மார்த்தாண்டத்திலிருந்து புது ஆம்ப்ளிஃபயர் வந்தது,
பிரியாணி அண்டா மாதிரி ரெண்டு ஊஃபர்.
ஒரு பேட்டரி ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு.
நாலும் ஒரே வயசாக இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.
கிழடு ஒன்றைச் சேர்த்துக் கட்டினால்
இளசு மூன்றும் ராமுழுக்க அதற்கே ஊட்டிக்கொண்டிருக்கும்.
சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு.
பன்னிரண்டு வோல்ட் பன்னிரண்டாகவே நிற்கும்,
நேரம்தான் நாலு மடங்கு.

கடலில் அது பாடிக் கேட்டதில்லை நான்.
கேட்க வேண்டியதுமில்லை.
மூடியைக் கழற்றி
ஹைட்ரோமீட்டரின் ரப்பர்க் குமிழை அமுக்கி விட்டால்
அமிலம் ஏறும், மிதவை எழும்பும்,
போய்வந்த கதை முழுக்கக் கண்ணாடிக்குள் தெரியும்.
ஆயிரத்து நூற்றிருபது என்றால் கேரை குவிந்திருக்கிறது,
ராத்திரி ரெண்டு மணிக்கும் ஆட்டம்.
நூற்றெண்பது என்றால்
டீசல் காசோடு சரி.

இன்றைக்கு மிதவை
ஆயிரத்து இருநூற்று நாற்பதில் நின்றது.
இரண்டாவதிலும்.
மூன்றாவதிலும்.
நாலாவதின் கடைசி அறையிலும்.
இருபத்தாறு நாள் கடலில் கிடந்துவிட்டு
போனபடியே வந்திருக்கின்றன.

நிமிர்ந்தால் ஷிஜின் இல்லை.
டிஸ்டில்டு வாட்டர் கேனைப் பிடித்தபடி நின்றேன்.
யாருக்கு?
வயர்லெஸ்ஸில் என்ன சேதி போயிற்று?
சமைக்கிற பனியடிமை அண்ணனுக்கு நெஞ்சுவலி என்றார்களே.
அந்த ஒடியாப் பையன் வீட்டிலா?
இரயுமன்துறையில் மணி எதுவும் அடிக்கவில்லை,
அடித்து எனக்குத்தான் கேட்கவில்லையோ.
மத்தியானம் சோறு இறங்கவில்லை.

நாலு மணிக்கு வந்தவனிடம் கேட்டேவிட்டேன்.

"ஃபியூஸ் போச்சுக்கா. ரெண்டாம் நாளே.
முப்பது ஆம்பியர். ஸ்பேர் இல்ல."

"ஒரு கம்பியைச் சுத்தி விட்டிருக்கலாமே?"

"ஸ்ராங்கு விடல்ல. தீப்பிடிக்கும்னாரு."

அதுவும் சரிதான். சரியில்லாதது என் கேள்வி.

"பொறவு?"

"பொறவு என்ன, வாயாலதான்.
ஒடியாக்காரன் டீசல் கேன்ல தட்டுவான்,
பனியடிமை அண்ணன் எடுத்துக் குடுப்பாரு.
ஒருநாள் ஸ்ராங்கு பாடினாரு.
அதுக்கப்புறம் அவரை ஆரும் பாடச் சொல்லல்ல."

பச்சை நிறம். நகமளவு. விலை இருபது ரூபாய்.
அறுநூறு ஆம்பியரின் வாயை
ஒரு மாசம் பொத்தி வைத்திருக்கிறது.

பாக்கி இருந்த கொஞ்சத்தை ஏற்ற
நாலையும் சார்ஜரில் மாட்டினேன்.
கொஞ்ச நேரத்தில் அறைகளுக்குள் குமிழி கிளம்பியது,
உலை வைத்த சத்தம்.
ஒன்றாம் எண்ணின் முதுகில்
மூன்று ஃபியூஸை டேப்பால் ஒட்டி
பில்லில் அறுபது சேர்த்தேன்.

ஷிஜின் பில்லைப் பார்த்தான்.
"ஒண்ணு போதும்க்கா."

மூணும் இருக்கட்டும் என்றேன்.
அடுத்த தரம் எனக்குச் சோறு இறங்கணும்.